14 அணிகள், ஒரே பிட்சர்: எட்வின் ஜாக்சன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்வின் ஜாக்சனைப் பற்றி நண்பர்களிடம் எப்போது பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். 14 அணிகளுக்கு ஆடினார் என்றதும், "அப்போ அவரை யாருக்குமே பிடிக்கலையா?" என்பதில் வந்து நிற்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல, பேஸ்பாலில் அணி மாறுவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யாருங்க இந்த எட்வின் ஜாக்சன்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2003 முதல் 2019 வரை ஆடிய வலக்கை பிட்சர். பிட்சர் என்றால் பந்தை எறிபவர், நம் பந்துவீச்சாளர் மாதிரி. 14 வெவ்வேறு மேஜர் லீக் அணிகளின் சட்டையைப் போட்டு ஆடியவர். அவருக்கு முன்னால் வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை.

அணிக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது. 2009-இல் ஆல்-ஸ்டார் (அந்த சீசனின் சிறந்த வீரர்களைத் திரட்டி ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு), 2010-இல் ஒரு நோ-ஹிட்டர் (என்னவென்று கீழே சொல்கிறேன்), 2011-இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் கோப்பை, கடைசியில் ஒரு ஒலிம்பிக் வெள்ளி.

எந்தெந்த அணின்னு வரிசையா சொல்லுங்க.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் தொடங்கினார். அப்புறம் டாம்பா பே, டெட்ராய்ட் டைகர்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ், சிகாகோ வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், மயாமி மார்லின்ஸ், சான் டியாகோ பாட்ரேஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ், ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ், கடைசியாக டொராண்டோ புளூ ஜேஸ்.

இதில் வாஷிங்டனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இரண்டு முறை போனார். எத்தனை முறை போய்ச் சேர்ந்தார் என்று எண்ணினால் 16 வரும், எத்தனை அணி என்று எண்ணினால் 14.

ஜெர்மனியில பிறந்தவராமே, அப்புறம் எப்படி அமெரிக்க பேஸ்பாலுக்கு வந்தார்?

பிறந்தது ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில், 1983 செப்டம்பர் 9 அன்று. அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார், வேலை நிமித்தம் குடும்பம் அங்கே இருந்தது. வளர்ந்து பள்ளி முடித்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில். 2001-இல், புதிய இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில், டாட்ஜர்ஸ் அணி அவரை ஆறாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது.

முதல் ஆட்டத்துலேயே ஒரு பெரிய ஆளைத் தோற்கடிச்சாராமே?

ஆமாம். 2003 செப்டம்பர் 9, அவருடைய இருபதாவது பிறந்தநாள். ஊர் அரிசோனாவின் பீனிக்ஸ். எதிரணியில் பந்து எறிந்தவர் ராண்டி ஜான்சன், அந்தக் காலத்தில் மட்டையாளர்கள் நினைத்தாலே பயப்பட்ட இடக்கை பிட்சர். ஜான்சனுக்கு மறுநாள் நாற்பது வயது முடிகிறது. அதாவது ஒருவருக்கு அன்றுதான் இருபது, இன்னொருவருக்கு விடிந்தால் நாற்பது. டாட்ஜர்ஸ் 4-1 என்று ஜெயித்தது. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதுவார்கள், அந்த வெற்றி ஜாக்சன் கணக்கில் ஏறியது.

அன்று பார்த்தவர்கள், இந்தப் பையன் பதினைந்து வருடம் டாட்ஜர்ஸிலேயே இருப்பான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த இரண்டு வருடமும் தடுமாற்றம். 2006 ஜனவரியில் டாம்பா பேக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐபிஎல் ஏலம் மாதிரியா இது? அணி எப்படி மாறுறாங்க?

ஏலம் கிடையாது. மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது டிரேட், அதாவது பண்டமாற்று. ஓர் அணி தன் வீரரைக் கொடுத்து இன்னோர் அணியின் வீரரை வாங்கும். வீரரின் ஒப்பந்தமும் அவரோடு சேர்ந்தே போகும். இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்து சுதந்திர வீரராகி விரும்பிய அணியோடு பேசிக்கொள்வது. மேஜர் லீகில் ஆறு வருட சேவை முடித்தால்தான் இந்த உரிமை கிடைக்கும். மூன்றாவது, அணியே விடுவித்துவிடுவது.

ஜாக்சனுக்கு ஆறு வருடம் நிறைந்தது 2011 முடிவில்தான். அதற்கு முன்னால் நடந்த மாற்றம் எல்லாமே டிரேட், ஒன்றுகூட அவர் கேட்டு நடந்ததில்லை. அவர் அணி அணியாகத் தாவினார் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வீரர் 'நான் போகமாட்டேன்'னு சொல்ல முடியாதா?

பெரும்பாலும் முடியாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃபிளட் என்ற வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தது. என்னைக் கேட்காமல் என்னை விற்க முடியாது என்று அவர் வழக்குப் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போனது. ஆனால் அவர் கிளப்பிய கேள்வி ஓயவில்லை. 1975-இல் ஒரு நடுவர் தீர்ப்பு வேறு இரண்டு பிட்சர்களுக்குச் சாதகமாக வந்தது, சுதந்திர வீரர் முறையே அதிலிருந்துதான் பிறந்தது.

இன்றைக்குள்ள விதி இது: மேஜர் லீகில் 10 வருடம் இருந்து, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தால் டிரேடை மறுக்கலாம். ஜாக்சன் எந்த அணியிலும் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் நிலைக்கவில்லை. அந்த உரிமை அவர் பக்கமே வரவில்லை. சிலர் ஒப்பந்தத்திலேயே மறுப்புரிமை எழுதி வாங்கிக்கொள்வார்கள், அது பேரம் பேசும் பலத்தைப் பொறுத்தது.

சரி, திறமை இல்லாததாலதானே எல்லாரும் தள்ளிவிட்டாங்க?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். ஒரு வீரரை வாங்க எதிர் அணி என்ன விலை கொடுத்தது என்று பாருங்கள். 2009 டிசம்பரில் டெட்ராய்ட், அரிசோனா, நியூயார்க் யாங்கீஸ் மூன்றும் சேர்ந்து ஒரு டிரேட் செய்தன. அதில் அரிசோனாவுக்கு ஜாக்சனும் இயன் கென்னடியும் கிடைத்தார்கள். அவர்களுக்காக அரிசோனா விட்டுக்கொடுத்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர். பின்னாளில், சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதை மூன்று முறை வாங்கிய அதே ஷெர்சர்தான். அடுத்த ஜூலையில் ஜாக்சனை வாங்க வைட் சாக்ஸ் கொடுத்தது டேனியல் ஹட்சனை. 2019 உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தவர் அந்த ஹட்சன். வேண்டாத ஒருவருக்காக யாரும் இப்படிப்பட்ட இளம் கைகளைக் கொடுக்கமாட்டார்கள்.

அவரிடம் இருந்தது இரண்டு. ஒன்று வேகம்: நல்ல நாட்களில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாக எறிவார். இன்னொன்று உடம்பு. 2007 முதல் 2013 வரை ஏழு வருடமும், ஒவ்வொரு வருடமும் குறைந்தது 31 ஆட்டங்களைத் தொடங்கினார், அதாவது அணியின் முதல் பிட்சராக இறங்கினார். தோள்பட்டையும் முழங்கையும் பழுதாகிப் பாதி பிட்சர்கள் மருத்துவமனைக்கும் மைதானத்துக்கும் அலையும் விளையாட்டில், ஐந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து நிற்பவர் கிடைப்பது அபூர்வம்.

குறையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. பந்து எங்கே போகும் என்பது சில நாட்களில் அவர் கையில் இல்லை. 2007-இல் 5 வெற்றி, 15 தோல்வி. மறு வருடமே 14 வெற்றி, 11 தோல்வி, அணி உலகத் தொடர் வரை போனது. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் ஒவ்வொரு அணியும் அவரை ஆசையோடு வாங்கியது, பின்பு நல்ல விலை வந்ததும் கொடுத்தது.

நோ-ஹிட்டர்னா என்ன? எட்டு பேரை நடக்கவிட்டும் அதெல்லாம் சாதனையா?

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் தலா மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும். மட்டையாளர் பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு தளத்தை அடைந்தால் அது 'ஹிட்'. ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எதிரணி ஒரு ஹிட் கூட அடிக்காமல் முடிவது நோ-ஹிட்டர். பந்து சரியான எல்லைக்குள் வராமல் நான்கு முறை போனால் மட்டையாளர் இலவசமாக முதல் தளத்துக்கு (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய தளங்களில் முதலாவது) நடந்து போவார், அது 'வாக்'. வாக் கொடுத்தாலும் ஹிட் கணக்கில் வராது. அதனால் எட்டு வாக் கொடுத்தும் நோ-ஹிட்டர் சாத்தியம்தான், அரிது என்றாலும்.

நாள் 2010 ஜூன் 25, இடம் டாம்பா பேயின் டிராபிகானா ஃபீல்ட். எதிரணி அவருடைய பழைய அணி. முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு வாக். மூன்றாவது இன்னிங்ஸில் வரிசையாக மூன்று பேரை நடக்கவிட்டார், ஒருவர்கூட அவுட் ஆகவில்லை, மூன்று தளமும் நிறைந்திருக்கிறது. அரிசோனாவின் கையில் இருந்ததோ, ஆடம் லாரோஷ் அடித்த ஒரு ஹோம் ரன்னில் (நம் சிக்ஸர் மாதிரி) வந்த ஒரே ரன். எந்தப் பிட்சரையும் அந்த நிமிடத்தில் மாற்றிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் அதிலிருந்து ரன் கொடுக்காமல் வெளியே வந்தார். அதற்கப்புறம்தான் பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆட்டம் முடியும்போது 149 பந்து. சாதாரணமாக நூறைத் தாண்டினாலே பயிற்சியாளர்கள் கையைப் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். முடிவு 1-0. அரிசோனா வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு நோ-ஹிட்டர்தான் இருந்தது. 2004-இல் அதை எறிந்தவர், மேலே நாம் பார்த்த ராண்டி ஜான்சன்.

அவ்வளவு பெரிய ஆட்டம் ஆடினவரை ஏன் அஞ்சே வாரத்துல கொடுத்தாங்க?

ஜூலை 30 அன்று டிரேட் ஆனார். அப்போது டிரேடுக்குக் கடைசி நாள் ஜூலை 31. அரிசோனாவுக்கு அந்த வருடம் ஜெயிக்கும் வாய்ப்பே இல்லை. அப்படிப்பட்ட அணி சம்பளம் அதிகமுள்ள வீரரைக் கொடுத்து, சம்பளம் குறைந்த இளம் வீரரை வாங்கும். அவர்களுக்குக் கிடைத்தது மேலே சொன்ன ஹட்சன். வைட் சாக்ஸ் அப்போது பட்டத்துக்குப் போட்டியில் இருந்தது, உடனே பந்து எறிய ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நடுவில் பெட்டி கட்டுவது மட்டும் வீரர்.

ஒரே நாள்ல மூணு அணியில இருந்தாராமே, உண்மையா?

உண்மை. 2011 ஜூலை 27 காலையில் அவர் வைட் சாக்ஸ் வீரர். அன்றே டொராண்டோவுக்கு டிரேட் ஆனார். டொராண்டோ அவரை வைத்துக்கொள்வதற்காக வாங்கவில்லை. செயின்ட் லூயிஸுக்குப் பிட்சர் தேவை, டொராண்டோவுக்கு அங்கிருந்த இளம் ஆட்டக்காரர் கோல்பி ராஸ்மஸ் மேல் கண். அதனால் அதே நாளில் ஜாக்சனைச் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது.

அந்த டிரேடில் அவரோடு கூடப் போனவர்களில் ஒருவர் ஆக்டாவியோ டோடெல். மறு வருடம் டெட்ராய்ட்டுக்கு ஆடி, 13 அணிகள் என்ற அன்றைய சாதனையைப் படைத்தவர் இந்த டோடெல்தான். சாதனை படைக்கப் போகிறவரும், பின்னாளில் அதை முறியடிக்கப் போகிறவரும் ஒரே டிரேடில் ஒரே ஊருக்குப் போயிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் ஓர் இரவு விடுதியின் கூரை இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். அதில் டோடெலும் ஒருவர். இந்தப் பகுதியை எழுதும்போது அது நினைவுக்கு வராமல் இருக்கவில்லை.

அப்போ டொராண்டோவை 2011-லேயே கணக்குல சேர்த்திருக்கணுமே?

இல்லை. ஆடினால்தான் கணக்கு. அன்று அவர் டொராண்டோவுக்காக ஒரு பந்தைக்கூட எறியவில்லை. எட்டு வருடம் கழித்து, 2019 மே மாதம் ஓக்லாண்டிடமிருந்து டொராண்டோ அவரைப் பணம் கொடுத்து வாங்கியது. மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தச் சட்டையோடு களமிறங்கினார். பதினான்காவது அணி அது.

உலகத் தொடர் ஜெயிச்சாரே, அதுல அவர் பங்கு என்ன? சும்மா கூட இருந்தாரா?

கூட இருந்தார் என்று மட்டும் சொன்னால் தவறு. 2011 பிளேஆஃபில், செயின்ட் லூயிஸுக்கு எதிரான சுற்றில் ஃபிலடெல்ஃபியா 2-1 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் தோற்றால் செயின்ட் லூயிஸ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொடக்கத்திலேயே இரண்டு ரன் கொடுத்துவிட்டு, பிறகு ஆறு இன்னிங்ஸ் வரை வேறு ரன் இல்லாமல் நிறுத்தினார். அணி 5-3 என்று பிழைத்தது. அந்த ஆட்டம் இல்லாமல் கோப்பை இல்லை.

உலகத் தொடரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டம் நன்றாகப் போகவில்லை. ஏழு வாக், 4-0 தோல்வி. தொடர் ஏழு ஆட்டம் வரை போய் செயின்ட் லூயிஸ் வென்றது. மறு வருடமே வாஷிங்டன் சட்டையில், பிளேஆஃபில் அதே செயின்ட் லூயிஸுக்கு எதிராக அவர் பந்து எறிய வேண்டி வந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார்.

கப்ஸ்ல பெரிய ஒப்பந்தம் போட்டாங்களே, பாதியில அனுப்பிட்டா மீதிப் பணம் என்ன ஆகும்?

மேஜர் லீக் ஒப்பந்தம் உறுதிப்பணம். கப்ஸ் 4 வருடத்துக்கு 5.2 கோடி டாலர் பேசியது. 2013-இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014-இல் 6 வெற்றி, 15 தோல்வி. 2015 ஜூலையில் விடுவித்தார்கள், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மீதி. அந்தத் தொகை ஏறக்குறைய முழுவதும் கப்ஸ் தலையில். அட்லாண்டா அவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து ஒன்று புரியும். 2015-க்குப் பிறகு அவர் அடிக்கடி அணி மாறியதற்குக் காரணம் வேறு. முன்பு விலை கொடுத்து வாங்கினார்கள். இப்போது செலவு குறைவு என்பதால் காயம்பட்டவர் இடத்தை நிரப்ப அழைத்தார்கள். 14 அணிகளையும் ஒரே கதையாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

107 வெற்றி, 133 தோல்வி. இது மோசமான கணக்குதானே?

சராசரிக்குக் கீழே என்பது உண்மை. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு 4.78. நல்ல பிட்சர்கள் 3-ஐ ஒட்டி இருப்பார்கள். அதே நேரம், பிட்சரின் வெற்றி தோல்வி அவர் கையில் மட்டும் இல்லை. தன் அணி ரன் அடிக்கவில்லை என்றால் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் தோல்விதான். மேலே பார்த்த நோ-ஹிட்டரிலேயே அரிசோனா அடித்தது ஒரே ரன். அந்த ஒன்றும் வந்திருக்காவிட்டால் அந்த நாளும் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

1,500-க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட்டும் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) அதே கணக்கில் இருக்கிறது. 17 சீசன். பெரும்பாலான பிட்சர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

வயசான காலத்துல ஓக்லாண்ட்ல நல்லா ஆடினார்னு சொல்றாங்களே?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். 2018-இல் அவருக்கு 34 வயது. எந்த மேஜர் லீக் அணியிலும் இடமில்லை, சிறிய லீகில் ஆடிக்கொண்டிருந்தார். ஓக்லாண்டின் பிட்சர்கள் ஒவ்வொருவராகக் காயமடைந்து விழ, ஜூனில் இவரை எடுத்தார்கள். ஜூன் 25 அன்று டெட்ராய்ட்டில் முதல் ஆட்டம், பதின்மூன்றாவது அணி, டோடெலின் சாதனை சமம். தேதியைக் கவனியுங்கள்: நோ-ஹிட்டர் எறிந்து சரியாக எட்டு வருடம்.

வந்ததும் பெயருக்கு நிற்கவில்லை. 17 ஆட்டங்களைத் தொடங்கினார், 6 வெற்றி, 3 தோல்வி, சராசரி 3.33. இளம் வயதில் முழு சீசன் தொடங்கி ஆடிய வருடங்களில்கூட அவருக்குக் கிடைக்காத எண் அது. அணி 97 ஆட்டங்களை வென்று பிளேஆஃப் போனது.

சாதனை இன்னும் அவர் பேர்லதான் இருக்கா?

இப்போது பகிர்ந்துகொள்கிறார். ரிச் ஹில் என்ற இடக்கை பிட்சர் 2025 ஜூலையில், 45 வயதில், கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்காக இறங்கி 14 அணிகளைத் தொட்டார். எதிரணி கப்ஸ், ஹில் 2005-இல் அறிமுகமான அணி. ஐபிஎல் கணக்கில் யோசிப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு: ஆரோன் ஃபின்ச் அங்கே 9 அணிகளுக்கு ஆடினார்.

ஓய்வுக்கு முன்னாடி ஒலிம்பிக் வேற போனாரா?

போனார். 2019-இல் டொராண்டோ விடுவித்த பின் டெட்ராய்ட்டில் இரண்டாம் முறை ஆடினார். அந்த வருடம் கணக்கு மிக மோசம், சராசரி 9-ஐத் தாண்டியது. அதோடு மேஜர் லீக் முடிந்தது. ஒலிம்பிக்குக்கு மேஜர் லீக் அணிகள் தங்கள் முக்கிய வீரர்களை விடுவதில்லை என்பதால் இளைஞர்களும் மூத்தவர்களும் கலந்த அணியைத்தான் அமெரிக்கா அனுப்பும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு இடம் கிடைத்தது. 2008-இல் டாம்பா பேயில் கூட எறிந்த ஸ்காட் காஸ்மிரும் அதே அணியில். இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். 2022-இல் ஓய்வை அறிவித்தார்.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்ப்பேன்னா எதைப் பார்க்கட்டும்?

நோ-ஹிட்டரைத்தான். ஆனால் கடைசி அவுட்டுக்கு நேராகப் போய்விடாதீர்கள், துள்ளிக் குதிப்பதை எந்த ஆட்டத்திலும் பார்க்கலாம். மூன்றாவது இன்னிங்ஸில் இருந்து தொடங்குங்கள். ஹிட் கணக்கில் பூஜ்யம், மூன்று தளத்திலும் ஆள், யாரும் அவுட் இல்லை. அடுத்த பந்துக்கு முன்னால் அவர் முகத்தைப் பாருங்கள்.